ஆம்பியரில் நின்ற திருகு

கணவன் தாஜுதீன் அடித்ததில் ஷரீபாவின் கீழுதடு கிழிந்துவிட்டது. அவள் செய்த குற்றம் ஒரே ஒரு வார்த்தை. பழுது பார்க்க வந்த ஸ்ரீரங்கத்து அரிசி மில் மோட்டாரின் ஒரு கம்பியை வெட்டி, அந்த இடைவெளியில் கை மீட்டரை இணைத்து, பாலக்கரை வீட்டு முன்னறையில் ஓடவிட்டு, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான். சுருள் புகைவதைக் கண்டவள், "கருகுதுங்க" என்றாள். மோட்டாரை நிறுத்தினான். கையிலிருந்த கம்பித் துண்டாலேயே விளாசினான்.

"கரண்ட் வேலையில வாய் திறக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? இனிமே திறந்தே, நாக்கை அறுத்துடுவேன்."

தினமும் வேலை முடிந்ததும், வோல்ட்டா ஆம்பியரா என்று மாற்றும் மீட்டரின் திருகை அவனே உச்ச வோல்ட்டுக்குத் திருப்பி வைப்பான். அதனால் மறுநாள் எடுக்கும்போது அதைப் பார்ப்பதே இல்லை. அன்று கோபத்தில் அப்படியே போட்டுவிட்டுப் போனான். ஷரீபா கம்பிகளைக் கழற்றி மீட்டரை அலமாரியில் வைத்தாள். திருகை அவள் தொடக் கூடாது. முன்பு ஒருமுறை தொட்டதற்கு விரலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியிருக்கிறான்.

காலையில் அவனுக்கு வேறு சந்தேகம். கோளாறு சுருளில் இல்லை, வீட்டுக்கு வரும் மின்சாரத்தில்தான் என்றான். வோல்ட் பார்க்க மெயின் பலகையைத் திறந்தான். ப்யூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பி போட்டு வைத்திருந்த பலகை அது; எவ்வளவு மின்சாரம் பாய்ந்தாலும் அந்தக் கம்பி உருகி அறாது.

பின்னால் நின்ற ஷரீபாவுக்குத் திருகு தெரிந்தது. ஆம்பியரில் இருந்தது. அப்படியே இரண்டு கம்பிக்கும் குறுக்கே வைத்தால், இரண்டையும் வெறும் கம்பியால் சேர்த்துக் கட்டியது போலத்தான். இத்தனை வருஷம் பார்த்தவளுக்கு அது தெரியாதா?

சொல் உதடு வரை வந்தது. அடிக்குப் பயந்தா அதை நிறுத்தினாள்? அடி அவளுக்குப் பழையது. கிழிந்த இடத்தைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. அந்த ருசி அவளுக்குப் பிடித்திருந்தது.

அவன் ஒரு முனையை வைத்தான். அவள் வாய் மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தான். மூடியிருந்தது. மறுமுனையை வைத்தான்.

வெள்ளை நெருப்பு பலகையிலிருந்து வெடித்துப் பாய்ந்தது. மீட்டர் சிதறியது. தரையில் புரண்டவனின் இரண்டு கையிலும் தோல் உரிந்து தொங்கியது. அறையெங்கும் மயிர் கருகிய நாற்றம்.

மூன்றாம் நாள், முழங்கை வரை கட்டுப் போட்டுக் கிடந்தவனுக்குக் கஞ்சி ஊட்டினாள்.

"திருகு ஆம்பியர்ல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நீ பார்த்தியா?"

இல்லை என்று சொல்வதற்கு மூன்று நாளாகப் பழகி வைத்திருந்தாள்.

"பார்த்தேங்க."

காலால் எட்டி உதைத்தான். கிண்ணம் பறந்தது. சுடுகஞ்சி அவள் மார்பில் வழிந்தது. துடைத்துக்கொண்டு, கால் எட்டாத தூரத்தில் போய் உட்கார்ந்தாள்.

பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்கிற நேரத்துக்குப் பசி தாங்காமல் அவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் உடனே எழுந்திருக்கவில்லை.