தவிட்டுக்கு வாங்கிய குட்டி

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களா வராந்தாவில் நான்கு நாய்ப் படங்கள் வரிசையாகத் தொங்கின. தினமும் அவற்றைத் துடைப்பது செல்லாயியின் வேலை. முதல் படத்தில் இருந்தது துரைசானியின் பாட்டனார் காலத்து நாய். நெட்டைக் கால், நீட்டிய மூக்கு, விட்டால் ஈப்போ வரைக்கும் ஓடிவிடும் போல நின்றது. அடுத்ததற்குக் கால் கொஞ்சம் குட்டை, மூக்கு கொஞ்சம் உள்ளே. மூன்றாவதற்குத் தலை பெருத்துக் கீழ்த்தாடை முன்னால் வந்துவிட்டது. நான்காவது ரோசி. ரோசிக்கு மூக்கு இருந்தது என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். இரண்டு கண்ணுக்கும் நடுவில் யாரோ கட்டைவிரலால் அழுத்திவிட்டுப் போன இடம் அது. நான்கும் ஒரே வம்சம், பார்த்துப் பார்த்துச் சேர்த்தது என்று துரைசானி பெருமையோடு சொல்வாள்.

ஈப்போவை அடுத்த லகாட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ரப்பர் தோட்டத்துக்குச் செல்லாயியும் புருஷன் சன்னாசியும் ஊரிலிருந்து கப்பலேறிப் பால் வெட்ட வந்தவர்கள். மூன்று பிள்ளை பெற்று மூன்றையும் காய்ச்சலுக்குக் கொடுத்த பிறகு அவளால் மரத்தடியில் நிற்க முடியவில்லை. பாதி வேலையில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். கங்காணி திட்டித் திட்டி அலுத்துப்போய், பங்களாவில் நாய் பார்க்க அனுப்பிவிட்டார்.

துரைசானி நல்லவள்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். ரோசிக்கு மூச்சு முட்டுகிற நாளில் தன் கையாலேயே விசிறுவாள். வெயில் ஏறினால் ரோசி நடக்கும்போதே குறட்டை விடும், நாக்கு நீலம் பாரித்துவிடும். செல்லாயி ஈரச் சாக்கைப் போர்த்தி மடியில் கிடத்திக்கொள்வாள். அந்த மூஞ்சிக்குத்தான் ஈப்போ நாய்ப் போட்டியில் வெள்ளிக் கோப்பை கொடுத்திருந்தார்கள்.

ரோசிக்குப் பிரசவ வலி எடுத்தது. குட்டிகளுக்குத் தலை பெரிது, தாய்க்கு இடுப்பு சிறிது. ஈப்போவிலிருந்து மிருக வைத்தியர் வந்து சேர்வதற்குள் ரோசி போய்ச் சேர்ந்துவிட்டது. குட்டிகளும் செத்தே பிறந்தன, ஒன்றைத் தவிர. எந்தப் பாட்டன் கொடுத்த சொத்தோ, அந்த ஒன்றுக்கு மட்டும் தலை ஒடுங்கி மூக்கு நீண்டிருந்தது. சத்தமே இல்லாமல் மூச்சு விட்டது.

துரைசானி தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு குட்டியைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது வேண்டாம், செல்லாயி. மூஞ்சி தப்பா இருக்கு. தண்ணியில போட்டுடு."

செல்லாயி குட்டியை வாங்கி முந்தானையில் ஏந்திக்கொண்டாள். பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததைக் குப்பையில் கிடத்தி, வேறொருத்தி தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வது அவர்கள் ஊர் வழக்கம். அப்புறம் அது அந்த ராசியில்லாத வயிற்றுப் பிள்ளை இல்லை. எமன் தேடி வந்தாலும் வீடு தப்பிவிடும். கேட்கச் சகிக்காத பெயர் ஒன்றையும் வைத்துவிடுவார்கள். தன் மூன்றாவது பிள்ளைக்கு அப்படிச் செய்யலாம் என்று அவள் கெஞ்சியபோது, "கப்பலேறி வந்தும் இந்தக் கூத்தா?" என்று சன்னாசி தடுத்துவிட்டான். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

குட்டியைக் குப்பைமேட்டில் கிடத்தினாள். கோழித் தவிட்டில் ஒரு சிரட்டை அள்ளிக்கொண்டு போய்த் துரைசானி முன்னால் நீட்டினாள். வழக்கத்தைத் திக்கித் திணறிச் சொன்னாள். துரைசானி அழுத கண்ணோடு சிரித்துவிட்டாள்.

"சரி," என்று சிரட்டையை வாங்கிக்கொண்டாள். "இனிமே உன் நாய்."

செல்லாயி அதற்குக் குப்பாயி என்று பெயர் வைத்தாள். ஆட்டுப்பால் குடித்துக் குப்பாயி மளமளவென்று வளர்ந்தது. உச்சி வெயிலில் குரங்குகளைத் துரத்திவிட்டு வந்து, வாயை மூடிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கும். பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதே செல்லாயிக்குப் பெரிய சுகம். சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது, பிள்ளைகளுக்கு மூக்கு எடுத்துவிட்ட மாதிரியே, இரண்டு கண்ணுக்கும் நடுவிலிருந்து மூக்கை நீவி நீவி இழுத்துவிடுவாள்.

"அது மூக்கு ஏற்கெனவே காம்பார் வரைக்கும் போவுது, நீ வேற இழுக்கிறியா லா!" என்பான் சன்னாசி. மூன்று பிள்ளைக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்பு கேட்டது அப்போதுதான்.

துரைசானி அடுத்த போட்டிக்காகச் சீமையிலிருந்து ஒரு பெட்டை நாய் வரவழைத்தாள். கப்பலிலேயே புழுக்கம் தாங்காமல் அது செத்துவிட்டது. பிறகு ஒரு நாள் அவளே கூலிகள் குடியிருந்த லயத்துக்கு வந்து நின்றாள். லயமே எழுந்து நின்றது.

"குப்பாயி ரத்தம், ரோசி ரத்தம். நம்ம கிங்கோட சேத்தா மூக்கு திரும்ப உள்ளே போயிடும்."

கிங் பங்களாவின் ஆண் நாய். அதற்கும் மூக்கு கிடையாது.

"வேணாம்மா. ரோசி எப்படிச் செத்துச்சுன்னு பாத்தீங்கல்ல? இதத் தவிட்டுக்கு வித்துட்டீங்கம்மா."

"ஓ, ஆமா. தெரியும்," என்று துரைசானி தலையாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் மாட்டுவண்டியில் ஒரு மூட்டை தவிடு வந்து இறங்கியது. கேலிக்கு அனுப்பியதில்லை. குப்பாயியைத் திரும்ப வாங்க, வழக்கத்தை மதித்து, செல்லாயி கொடுத்ததற்கு மேலே தாராளமாகவே துரைசானி அனுப்பியிருந்தாள். செல்லாயி மூட்டையைத் தொடவே இல்லை. தவிட்டுக்கு வந்தது தவிட்டுக்கே திரும்பினால் பழைய வயிற்றுக்குத்தானே போகும்?

"முடியாதுன்னு சொல்லுய்யா," என்று புருஷனைப் பிடித்து உலுக்கினாள்.

"எப்படிச் சொல்றது? லயம் அவங்களுது, வேலை அவங்களுது. எங்க போய் நிக்கிறது நாம?" சன்னாசி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் கயிற்றைப் பிடித்துக் குப்பாயியைப் பங்களாவுக்குக் கூட்டிப் போனவன், வழி முழுக்க அழுதுகொண்டே போனான்.

இரண்டு மாதம் கழித்து, குப்பாயியின் பிரசவத்தன்று மிருக வைத்தியர் முன்கூட்டியே வந்திருந்தார். இருந்தும் என்ன, கிங்கின் தலை குட்டிகளுக்கு வந்துவிட்டதே. குப்பாயி கத்தவில்லை. செல்லாயி கையை நக்கிக்கொண்டே இருந்தது, நக்க நக்க நாக்கு மெதுவானது, அப்புறம் நின்றது. ஒரே ஒரு குட்டியைத்தான் உயிரோடு எடுக்க முடிந்தது.

துரைசானி அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். முகம் வழித்துவிட்ட மாதிரித் தட்டையாக இருந்தது. "ரோசியைவிட நல்லா இருக்கு!" என்றாள். ஐந்தாவது படத்துக்கு அன்றைக்கே ஆணி அடிக்கச் சொன்னாள்.

செல்லாயி லயத்துக்குப் போய், வாசலில் பிரிக்காமல் கிடந்த மூட்டையைக் கிழித்தாள். ஒரு சிரட்டை தவிட்டோடு திரும்பி வந்து நீட்டினாள். இந்தத் தடவை துரைசானி சிரிக்கவில்லை.

"இல்லை, செல்லாயி. இதைக் கொடுக்கமாட்டேன். இதுக்குத்தான் நான் இத்தனை நாள் காத்திருந்தேன்." குட்டியை அவள் மடியில் வைத்தாள். "நல்லாப் பாத்துக்கோ."

குட்டி வாயைப் பிளந்து கொர் கொர்ரென்று இழுத்தது. ஊட்டிய பால் மூக்கு வழியே திரும்பி வந்தது. செல்லாயி அதைத் துடைத்துவிட்டு, விரலில் எண்ணெய் தொட்டு, இரண்டு கண்ணுக்கும் நடுவிலிருந்து கீழ்நோக்கி நீவத் தொடங்கினாள்.

"என்ன செய்றே?" துரைசானி ஆசையாகக் குனிந்து பார்த்தாள்.

"மூக்கு எடுக்கிறேம்மா."

நீவிக்கொண்டே இருந்தாள். விரலுக்கு எலும்பு தட்டவே இல்லை.