வெளுத்துப்போன விரல்கள்

விசா விதிமுறைகளை எங்கள் வீட்டில் முழுதாகப் படித்தவள் என் தங்கை ஒருத்திதான். படித்ததோடு விடமாட்டாள், எங்களுக்கும் வாசித்துக் காட்டுவாள். எங்களுடையது சலவைக் கடை. லாட்ஜ் விரிப்புகள், ஆஸ்பத்திரி டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள், ஹோட்டல் மேசைத்துணிகள் என்று மூட்டை மூட்டையாக வந்து விழும். விரிப்பின் ஒரு முனையை நானும் மறுமுனையை அம்மாவும் பிடித்து மடித்துக்கொண்டிருப்போம். தங்கை அழுக்கு மூட்டையின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசிப்பாள்.

"போட்டோவுல ரெண்டு காதும் தெரியணும். சிரிக்கவே கூடாது."

"அப்போ உங்க அம்மாவை அனுப்பு. கல்யாண போட்டோவுலகூட அவ சிரிக்கலை," என்றார் அப்பா.

"பக்கத்துல நின்ன ஆளைப் பார்த்தேன், வந்த சிரிப்பும் போயிருச்சு," என்றாள் அம்மா, விரிப்பை உதறியபடி.

வாய் ஓயாமல் சட்டம் பேசுவதால் அப்பா தங்கைக்கு வக்கீல் என்று பெயர் வைத்திருந்தார். ஆனால் அவள் போக இருந்தது கணிதம் படிக்க. கடல் தாண்டி ஒரு கல்லூரி அவளுக்கு இடமும் கொடுத்து, படிப்புச் செலவையும் தானே ஏற்பதாக எழுதியிருந்தது. நான் ஒன்பதாவதோடு நின்றவள். அவள் கணக்குப் போடுவதை, மழை பெய்வதைப் பார்ப்பதுபோலப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, வந்துகொண்டே இருக்கும்.

மருத்துவப் பரிசோதனை, காப்பீடு, விடுதியில் அறை, ஏன் இந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டால் சொல்லவேண்டிய பதில், எல்லாவற்றையும் அவளே முடித்திருந்தாள். விசா மையத்துக்குப் போய்ப் பத்து விரல் ரேகையையும் பதிந்துவிட்டு வருவது ஒன்றுதான் பாக்கி.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு டாக்டர் கோட்டின் பையைத் துழாவினாள். உள்ளே மூடி கழன்ற பேனா. வெளியே வந்த கை நீலமாக இருந்தது.

"போச்சு," என்றாள். "விரல் சுத்தமா இருக்கணும்னு போட்டிருக்கான். மை, சாயம் எதுவும் இருக்கக் கூடாதாம்."

அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தார். கறை என்றால் அவருக்குத் திருவிழாதான். பாதி ஊர் கைவிட்ட கறைகள் அவரிடம் வரும். "மைக்காகவா அழறே? இங்க நீட்டு கையை."

முதலில் பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்தார். பிறகு துருக் கறைக்கென்று பூட்டி வைத்திருக்கும் புட்டியைத் திறந்து, பஞ்சில் தொட்டு ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். நகக்கண்ணில் மிச்சமிருந்த நீலத்தைப் பல் துலக்கும் பிரஷால் எடுத்தார். கடைசியில் அம்மா கால் தேய்க்கும் கல்லால் விரல் நுனிகளை மெதுவாக, ரொம்ப மெதுவாக, தேய்த்துவிட்டார். தங்கைக்கு எரிந்தது. "நாளைக்கு அந்த ஆபீசருங்க இந்தக் கையைப் பார்த்து அசந்து போகணும்," என்றார். அம்மாவும் நானும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தோம். லாட்ஜ் விரிப்பு மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தது. எங்களுக்கு அவ்வளவு பெருமை.

தங்கைக்குப் பதினெட்டு நிறையவில்லை. அதனால் வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் கூட வரலாம் என்று விதி. கடையை விட்டு நகர முடியாது என்று அப்பா என்னை அனுப்பினார். எனக்கு அந்நியர் முன்னால் நாக்கு எழும்பாது. "நீ பேசவே வேண்டாம்க்கா, பெரியவளா நின்னா போதும்," என்றாள் அவள்.

விசா மையத்தில் வாசல் காவலாளி தண்ணீர் பாட்டிலை வெளியே வைக்கச் சொன்னார், போனை அணைக்கச் சொன்னார். உள்ளே ஒரே குளிர். வரிசை வரிசையாக நாற்காலிகள், எல்லார் மடியிலும் ஒரு கோப்பு. யாரும் சத்தமாகப் பேசவில்லை. அடிக்கடி ஓர் எண் திரையில் மாறும். ஒருவர் எழுந்து போவார். இத்தனை பேரும் ஏதோ ஒரு தேசத்தின் கதவைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் எண் வந்தது. கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு அம்மா. அவர் முன்னால் கையகலக் கண்ணாடிப் பலகை ஒன்று பச்சையாக ஒளிர்ந்தது. வலது கையின் நான்கு விரல்களை வைக்கச் சொன்னார். தங்கை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"இன்னும் அழுத்தும்மா."

மறுபடி சிவப்பு. ஈரத்தாளால் துடைத்தார். சிவப்பு. இடது கை. சிவப்பு. அந்த அம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். நான்கு வெள்ளைத் திட்டுகள், அவ்வளவுதான்.

"என்னம்மா பண்ணே கையை? கோடே இல்லையே."

"சுத்தம் பண்ணோம்," என்றாள் தங்கை சின்னக் குரலில்.

"சுத்தம்னா சோப்பு போட்டுக் கழுவுறது. நீ என்ன, தோலையே கழுவிட்டியா?" பக்கத்துத் தடுப்பில் இருந்தவர் சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை. தங்கையின் விரலைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு வாரம் கையைத் தண்ணியில போடாதே. எண்ணெய் தடவு. வேலை எதுவும் செய்யாதே. தோல் வளர்ந்து வரும். அப்பவும் வரலைன்னா டாக்டர் சர்டிபிகேட்டோட மேலிடத்துக்கு எழுதணும். அவங்க எப்போ பதில் போடுவாங்கன்னு எனக்கே தெரியாது."

கல்லூரி கொடுத்திருந்த கடிதத்தில், இந்தத் தேதிக்குள் வந்து சேராவிட்டால் இடம் ரத்து என்று இருந்தது. இரண்டு வாரம் தள்ளினால் அந்தத் தேதி தாண்டிவிடும். பஸ்ஸில் வரும்போது தங்கை அழவில்லை. கைகளை மடியில் மல்லாத்தி வைத்து, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

விஷயத்தைச் சொன்னதும் அப்பா துருக் கறைப் புட்டியை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். அம்மாதான், "பொண்ணு கையா, ஹோட்டல் மேசைத்துணியா? தேச்சிருக்காரு பாரு," என்று பொழுது சாயும்வரை பொரிந்துகொண்டிருந்தாள். நாங்களும் விளக்கடியில் நின்று பெருமைப்பட்டதை அவள் மறந்துவிட்டாள். நான் நினைவுபடுத்தவில்லை.

தங்கை கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதினாள். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் நான் போனின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவள் ஒரு விரல் முட்டியால் தட்டினாள். மறுநாளே பதில் வந்தது. வகுப்பு தொடங்கி ஒரு வாரம் வரை தாமதமாக வர அனுமதிக்கிறோம், புதிய தேதியிட்ட கடிதம் இணைத்திருக்கிறோம், அதையும் விசா விண்ணப்பத்தில் சேர்த்துவிடு. அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர இயலாது. கடைசியில், விரல்கள் விரைவில் குணமாகட்டும் என்று ஒரு வரி, அதன் கீழே ஒரு பெண்ணின் கையெழுத்து.

"முகம் தெரியாத மனுஷி," என்றாள் அம்மா. "எம் பொண்ணு விரலை விசாரிக்கிறா பாரு."

அன்று முதல் வீடு தலைகீழாக மாறியது. பிறந்ததிலிருந்து சோப்பு நுரையில் கிடந்த கை அவளுடையது. அதை இப்போது சும்மா வைக்க வேண்டும். அம்மா சோறு ஊட்டினாள். நான் தலை வாரிவிட்டேன். அப்பா குழாயடியில் காவல் நின்றார். பழக்க தோஷத்தில் அவள் வாளியை நோக்கிப் போனால், "ஏய் வக்கீலு, கை!" என்று கத்துவார். தூங்கும்போது எண்ணெய் தடவி, துணி உறை மாட்டிவிடுவோம்.

கடையில் இஸ்திரி போடும் மாமாவுக்குச் சொல்லவா வேண்டும். "சத்தம் போடாதீங்கப்பா, உள்ளே ராணியம்மாவுக்கு விரல் முளைக்குது," என்பார்.

"உங்களுக்கு மூளை முளைக்கிற வரைக்கும் நாங்க சத்தம் போடாமத்தானே இருந்தோம் மாமா," என்பாள் இவள், உறை மாட்டிய இரு கைகளையும் தூக்கிக் காட்டி.

நூல் இழை பார்க்க அப்பாவிடம் ஒரு பூதக்கண்ணாடி உண்டு. அதை வைத்துத் தினமும் அவள் விரலைப் பார்ப்பார். கோடு இல்லை என்று வைத்துவிடுவார். ஒரு சாயங்காலம் பார்த்தவர் நிமிரவே இல்லை.

"இங்க வாங்க," என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். ஆள்காட்டி விரலின் நடுவில், ஓர் ஊசிமுனை அளவு இடத்தைச் சுற்றி, மெல்லிய வரப்புகள். ஒன்றைச் சுற்றி ஒன்று, அதைச் சுற்றி இன்னொன்று. குளத்தில் கல் விழுந்து அலை விரியும்போது யாரோ நில் என்று சொன்னதுபோல.

"புதுக் கோடா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. அதே பழைய கோடு. தோல் எத்தனை தடவை உரிஞ்சாலும் அடியிலேருந்து அதேதான் வரும். அம்மா வயித்துக்குள்ள இருக்கும்போதே போட்டது. உலகத்துல வேற யாருக்கும் இது கிடையாது."

அம்மா தன் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டாள். அவளுக்கே தெரியாமல் செய்த வேலை அது. அப்பா அந்த விரலை விடாமல் பிடித்திருந்தார்.

"இத்தனை வருஷத்துல எங்கிட்ட தோக்காத கறை இது ஒண்ணுதான்," என்றார்.

அதற்குப் பிறகு என் விரல்களையும் நான் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். என்னிடமும் பத்து குளங்கள் இருந்தன. இத்தனை நாள் விரிப்பு மடித்துக்கொண்டே இவற்றைச் சுமந்திருக்கிறேன்.

இரண்டாம் முறை போனபோது அதே அம்மா இருந்தார். எங்களைப் பார்த்ததும், "இன்னைக்குச் சுத்தம் பண்ணலையே?" என்றார். வலது கை. பச்சை. இடது கை. பச்சை. கட்டைவிரல்கள் மட்டும் மிச்சம். இடது கட்டைவிரல் பச்சை. வலது கட்டைவிரல் சிவப்பு. மறுபடியும் சிவப்பு. தங்கையின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா அவள் விரலின் மேல் தன் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். நடுக்கம் அதிகமானது. சிவப்பு.

"கையை இறுக்கினா வராதும்மா. தளர்த்து." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க அக்காதானே? சும்மா நிக்கிறீங்களே. வந்து பிடிங்க."

நான் அவள் கட்டைவிரலின் மேல் என் விரலை வைத்தேன். கண்ணாடி ஜில்லென்று இருந்தது. அம்மா இல்லாதபோது விரிப்பின் மறுமுனையை அவள் பிடிப்பாள், அப்போது மூச்சைச் சேர்த்து இழுப்போம் இல்லையா, அதே பழக்கத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து மூச்சு விட்டோம். அவள் கை தளர்ந்தது.

திரையில் ஒரு சுழல் எழுந்தது. முதலில் மங்கலாக, பிறகு கறுப்பும் வெள்ளையுமாக, என் உள்ளங்கையைவிடப் பெரிதாக. எங்கள் வாசலில் புழுதியில் விளையாடிய பெண்ணின் கட்டைவிரல். எங்கேயோ ஒரு நாடு இதைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்ளப் போகிறது, இது இவள்தான் என்று. நான் கையை எடுக்க மறந்து நின்றேன்.

"முடிஞ்சது, விடுங்க," என்றார் அந்த அம்மா. "உங்க கையையும் சேர்த்து அனுப்ப முடியாது."

பிறகு காத்திருந்தோம். கல்லூரி கொடுத்த கடைசித் தேதி நெருங்கிக்கொண்டே வந்தது. அம்மா ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடினாள். தங்கை கணக்குப் போடவில்லை, விதிமுறை வாசிக்கவும் இல்லை. இஸ்திரி மாமாகூடக் கிண்டலை நிறுத்திவிட்டார். கூரியர்காரன் வந்தபோது நாங்கள் நால்வரும் ஆஸ்பத்திரி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அப்பா ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார், போதாதென்று வேட்டியில் துடைத்தார், அப்புறமும் உறையை வாங்காமல் தங்கையையே வாங்கச் சொன்னார்.

அவள் பாஸ்போர்ட்டை விரித்தாள். ஒரு பக்கம் முழுக்க ஒட்டியிருந்தது. சிரிக்காத முகம், இரண்டு காதுகள், மாணவர் என்ற வார்த்தை. அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

"கீழே பொடி எழுத்துல என்ன?" என்று கேட்டார் அப்பா.

"விதிமுறைதான்ப்பா. படிக்கிற காலத்துல வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல வேலை செய்யக் கூடாது."

அப்பா நிமிர்ந்தார். விடியுமுன் அடுப்பு மூட்டி, தெரு அடங்கியபின் கடை சாத்துகிறவர் அவர்.

"யாரு செய்யக் கூடாது?"

"நான்தான்."

"அதுக்கு மேல செஞ்சா?"

"தப்பு. விசாவையே ரத்து பண்ணிடுவாங்க."

அவர் கொஞ்ச நேரம் அந்த எழுத்துகளையே பார்த்தார். அவருக்கு அந்த மொழி தெரியாது. பிறகு குழாயை மூடிவிட்டு, எங்கள் எல்லாரையும் கிட்டே கூப்பிட்டார். வெந்நீர் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்த இஸ்திரி மாமாவையும் கூப்பிட்டார்.

"எம் பொண்ணு இதுக்கு மேல வேலை செய்யக் கூடாதுன்னு ஒரு அரசாங்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கு," என்றார். "வக்கீலு, இன்னொரு தரம் படிம்மா. மெதுவாப் படி."