குறை சொல்ல முடியாத வண்டி

பல் டாக்டருக்குப் பேச்சுத் துணைக்குப் பஞ்சமே இருக்காது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். காலையில் கதவு திறந்தால் சாயங்காலம்வரை ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். ஆனால் வந்தவரை வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே கண்ணாடியையும் பஞ்சையும் வைத்த பிறகுதான் அவர் பேச ஆரம்பிப்பார். அவர்கள் "ஆ" என்பார்கள். இத்தனை வருஷத் தொழிலில் அவருக்குக் கிடைத்த பதில் பெரும்பாலும் அதுதான்.

அவர் மனைவி மகளின் பிரசவத்துக்கென்று விமானம் ஏறிப் போனவள். மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்றாள். பிறகு, பேரன் நடக்க ஆரம்பிக்கட்டும் என்றாள். அவன் நடந்தான், ஓடினான். மகள் மறுபடி உண்டானாள். சண்டை, மனத்தாங்கல் எதுவும் கிடையாது. தினமும் வீடியோவில் வருவாள். ஆனால் போனை எதன் மேலாவது சாய்த்து வைத்துவிட்டுத் தொட்டில் பக்கம் போய்விடுவாள். டாக்டர் அந்த வீட்டுக் கூரையைப் பார்த்தபடி, "சாப்பிட்டேன்மா, சாப்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

அப்படியொரு மத்தியானத்தில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு, இரண்டே இருக்கை, மூக்கு நீளம். ஏன் ஆசைப்பட்டார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பழைய வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது, அதற்கென்றே ஒருவர் இருக்கிறார், கூட்டிப்போய்க் காட்டுங்கள் என்று கம்பவுண்டர் ஒரு நம்பர் கொடுத்தான்.

அந்த மனிதரை எல்லாரும் 'இன்ஸ்பெக்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். வாங்குவதற்கு முன்னால் வண்டியின் அடிவயிறு வரை பார்த்துச் சொல்வது அவர் தொழில். அந்தப் பேரை வீடியோவில் கேட்ட மனைவி தொட்டில் பக்கமிருந்து ஓடிவந்து போனில் முகத்தைக் காட்டினாள். "இன்ஸ்பெக்டரா? என்னங்க பண்ணித் தொலைச்சீங்க?"

சிவப்பு வண்டி தொலைவில் இருந்தது. இன்ஸ்பெக்டரின் வேனிலேயே போனார்கள். பின்னால் ஜாக்கிகளும் இரும்புப் பெட்டிகளும் கடகடத்தன. இன்ஸ்பெக்டர் வாய் ஓயாத ஆள். வீட்டில் பெரிய அறை யாருக்கு என்று அவருடைய இரண்டு பையன்களும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லையாம். முழுக் கதையையும் சொல்லிவிட்டு, "நீங்க என்ன சொல்றீங்க டாக்டர்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். பதிலுக்காகத்தான் காத்திருக்கிறார் என்று டாக்டருக்குப் புரியவே சற்று நேரமாயிற்று.

"அறையைப் பையனுங்களுக்குக் கொடுக்காதீங்க. நீங்களும் வீட்டம்மாவும் போய் அங்க படுத்துக்கங்க" என்றார் டாக்டர்.

இன்ஸ்பெக்டர் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தார். "இது எனக்குத் தோணலையே!"

சிவப்பு வண்டி வெளிப்பார்வைக்கு மணப்பெண் மாதிரி மின்னியது. இன்ஸ்பெக்டர் அதன் கதவுக்குக் கீழே ஓடிய தகட்டை விரலால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சத்தம் மந்தமாகக் கேட்டது. ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்தினார். பெயிண்ட் உடைந்து, உள்ளிருந்து துரு பொலபொலவென்று கொட்டியது.

"சொத்தை. மேல அடைச்சு மறைச்சிருக்காங்க" என்றார் டாக்டர்.

"அதேதான் டாக்டர்! பட்டி போட்டுப் பூசிட்டாங்க. வேண்டாம், விட்டுடுங்க."

வெறுங்கையோடு திரும்பினார்கள். வழியில் ஒரு கடையில் இறங்கி, நின்றபடியே டீ குடித்தார்கள். அன்றைக்கு டாக்டர் படுத்த உடனே தூங்கிப்போனார். காலையில் எழுந்து, வண்டி கிடைக்கவில்லையே என்ற வருத்தத்தை மனசுக்குள் தேடிப் பார்த்தார், அகப்படவில்லை.

அடுத்தது வெள்ளை. இன்ஜினில் எண்ணெயும் தண்ணீரும் கலந்திருந்தன. அதற்கடுத்தது மஞ்சள். இரண்டு வண்டிகளின் பாதிகளை ஒட்டவைத்த வண்டி. ஒவ்வொரு முறையும் போகவரப் பேச்சு. பையன்கள் பேசிக்கொள்ள ஆரம்பித்ததை இன்ஸ்பெக்டர் சொன்னார். அப்பாவைத் திட்டுவதற்காகத்தான் ஒன்று சேர்ந்தார்களாம். டாக்டரும் யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னார். மனைவி போன புதிதில் இரண்டு பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்ததையும் சொன்னார்.

போகப்போக டாக்டர் விளம்பரம் பார்க்கும் விதமே மாறியது. நல்லதாகத் தெரிந்தவற்றைத் தள்ளிவிட்டு, தூரத்தில் உள்ள ஓட்டை வண்டிகளாகப் பார்த்து இன்ஸ்பெக்டருக்கு அனுப்பினார்.

"டாக்டர், இது படத்துலயே பல்லிளிக்குதே. இதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்?"

"நேர்ல ஒருதடவை பார்த்துடலாமே இன்ஸ்பெக்டர். எனக்காக."

கடைசியில் இன்ஸ்பெக்டரே ஒரு வண்டி கண்டுபிடித்தார். கரும்பச்சை. ஒரே கையில் இருந்த வண்டி. உரிமையாளர் பாட்டு டீச்சர், ஓய்வு பெற்றவர்.

"கிளட்சை மிதிச்சா முட்டியில உயிரே போகுது. இல்லேன்னா நான் கொடுப்பேனா?" என்று சொல்லிவிட்டு, உறையைத் தாமே உருவி விலக்கினார் அந்த அம்மா.

இன்ஸ்பெக்டர் வண்டிக்கு அடியில் புகுந்தார். டார்ச் வெளிச்சம் மட்டும் அங்குமிங்கும் நகர்ந்தது. பானெட்டுக்குள் தலையை விட்டார். ஓட்டிப் பார்த்தார், நிறுத்தினார், மறுபடி அடியில் போனார். வெளியே வந்தபோது சட்டையெல்லாம் கறை, முகமெல்லாம் சிரிப்பு.

"டாக்டர், இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு நான் பார்த்ததில்லை. சுத்தம்! குறை சொல்ல ஒண்ணுமே இல்லை. யோசிக்காம வாங்குங்க."

டாக்டர் வண்டியருகே போனார். குனிந்து, சட்டைப்பையில் இருந்த பல் குத்திப் பார்க்கும் ஊசியை எடுத்துத் தகட்டின் ஓரமெல்லாம் அழுத்திப் பார்த்தார். எங்குமே இறங்கவில்லை.

"சீட் ரொம்பத் தாழ்வா இருக்கே" என்றார்.

"ஸ்போர்ட்ஸ் கார் அப்படித்தாங்க இருக்கும்" என்றார் டீச்சர்.

"பச்சை வேற. எனக்கு இந்தக் கலர் பிடிக்காது."

டீச்சர் உறையை எடுத்து மெதுவாக மூடத் தொடங்கினார். இன்ஸ்பெக்டர் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். டாக்டரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேனில் முதல்தடவையாக இரும்புப் பெட்டிகளின் சத்தம் மட்டும் கேட்டது. வெகு தூரம் வந்த பிறகு இன்ஸ்பெக்டர் ஓரமாக நிறுத்தினார்.

"கோபமா?" என்றார் டாக்டர்.

"எனக்கென்ன கோபம்? உங்களுக்குன்னு நாலு ஊர்ல சொல்லி வெச்சுத் தேடின வண்டி. ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்குக் கார் வேணுமா, வேண்டாமா?"

டாக்டர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "வாங்கிட்டா அப்புறம் பார்க்கப் போறதுக்கு ஒண்ணும் இருக்காதே. நீங்க வரமாட்டீங்க."

இன்ஸ்பெக்டர் கையில் இருந்த கறையைத் துணியால் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "அட, என்ன டாக்டர் நீங்க..." என்று வண்டியைக் கிளப்பினார். பிறகு, "ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க" என்றார்.

டாக்டர் போனார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பழம் வாங்கிக்கொண்டு போனார். வீடு கொள்ளாத கூட்டம். டாக்டர் வருகிறார் என்று கேள்விப்பட்டு மச்சான் குடும்பமும் வந்திருந்தது. "வாங்க வாங்க" என்று நடு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பிறகு இன்ஸ்பெக்டரின் மாமியார், "தம்பி, இந்தக் கடைவாய்ப் பல்லு மட்டும் கொஞ்சம் பாருங்களேன்" என்று வாயைத் திறந்தார்.

அவ்வளவுதான். மாமியாருக்குப் பின்னால் மச்சான், மச்சானுக்குப் பின்னால் அவர் மனைவி, பையன்கள், எதிர்வீட்டுக்காரர். பெரிய பையன் போனில் விளக்குப் பிடித்தான். டாக்டர் ஒவ்வொருவரிடமும் ஏதோ கேட்டார். எல்லாரும் "ஆ" என்றார்கள். இன்ஸ்பெக்டர் பரிமாறுவதிலும், யாரையோ அதட்டுவதிலும், தண்ணீர்க் குழாயை மூடுவதிலுமாகச் சுற்றிச்சுற்றி வந்தார். அவ்வப்போது டாக்டரைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார்.

வாசலில் வழியனுப்பும்போது, "உங்களோட நாலு வார்த்தை பேசக்கூட விடலையே இவங்க" என்றார்.

"பரவாயில்லைங்க. நல்ல குடும்பம். மாமியாரை மட்டும் கிளினிக்குக்கு அனுப்புங்க, அந்தப் பல்லை எடுத்தாகணும்."

நடந்து போகும்போது அவருக்கு யார்மேலும் வருத்தம் இல்லை. அவ்வளவு நிறைந்த வீட்டில் ஒருவருக்கு இன்னொரு சிநேகிதத்துக்கு எங்கே இடம்? வேனில் இடம் இருந்தது. ஆனால் வேன் வேலைக்குப் போகிற வண்டி. மனிதர் வேலைக்குத்தான் வந்தார். நல்ல மனசோடு வந்தார். அதையே போதும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சருக்குப் போன் செய்தார்.

"பச்சை பிடிக்காதுன்னீங்களே?" என்றார் டீச்சர்.

"இப்போ பிடிச்சிருக்குங்க."

"ஏன், வண்டி வந்து உங்ககிட்ட ஏதாவது சொல்லுச்சா?"

"நான்தாங்க அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். வண்டியில ஒரு குறையும் இல்லை."

மறுமுனையில் டீச்சர் மூச்சை இழுத்து விடுவது கேட்டது. "அப்போ சீக்கிரம் வந்து எடுத்துட்டுப் போயிடுங்க. மனசு மாறிடப் போகுது. உங்களுக்கில்லை, எனக்கு."

இன்ஸ்பெக்டர்தான் கூட்டிப்போனார். போகிற வழியெல்லாம் மாமியாரின் பல்லைப் பற்றியே பேசினார்கள். டீச்சர் சாவியைக் கொடுத்து, குளிர்காலத்தில் எப்படிக் கிளப்ப வேண்டும், மழையில் எப்படி ஓட்ட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. டாக்டர் இன்ஜினைக் கிளப்பாமல் காத்திருந்தார். டீச்சரே கையை எடுத்துக்கொண்டு உள்ளே போன பிறகுதான் கிளப்பினார்.

திரும்பும்போது வேன் முன்னால் போயிற்று, பச்சைக் கார் பின்னால். இன்ஸ்பெக்டர் வேகத்தைக் குறைத்துக் குறைத்து, டாக்டர் வருகிறாரா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். வழக்கமான டீக்கடை வந்தது. இரண்டு வண்டிகளையும் நிறுத்த அங்கே இடமில்லை. தாண்டிப் போனார்கள்.

சாலை பிரியும் இடத்தில் வேன் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து நன்றாக அசைந்தது. டாக்டர் ஹாரன் அடித்தார். வேன் இடப்பக்கம் திரும்பி மறைந்தது.

முன்னால் சாலை காலியாகக் கிடந்தது. டாக்டர் கொஞ்சம் அழுத்தினார். வண்டி தயங்காமல் பாய்ந்தது.

"மூணாவது கியர் ரொம்ப நல்லா விழுது" என்று சத்தமாகச் சொன்னார்.

பதிலுக்குக் காத்திருப்பவர் போலப் பக்கத்துக் காலி இருக்கையைப் பார்த்தார். பிறகு நான்காவதுக்கு மாற்றினார்.