பேசிக்கொண்டே நடப்பது

ஓய்வுபெற்ற பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். ஓடுகிற பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் காலமெல்லாம் நின்றவர் என்ற கர்வம் எழுபதைத் தாண்டியும் குறையவில்லை. அதனால் வீட்டு வாசலில், சமதரையில் விழுந்தது அவருக்கு வலியைவிட அவமானமாக இருந்தது. "கேஸை அணைச்சீங்களா?" என்று மனைவி பின்னாலிருந்து கேட்டாள். பதில் சொல்லத் திரும்பினார், கால் பின்னிக்கொண்டது. மணிக்கட்டு வீங்கிவிட்டது.

வெளியூரிலிருந்த மகன் போனில் தீர்ப்பு சொன்னான். "அப்பா, இனிமே வெளிய போகாதீங்க. எது வேணும்னாலும் வீட்டுக்கே வரவச்சுக்கலாம்."

"நான் என்ன பார்சலா, ஒரே இடத்துல வச்சுப் பூட்ட?" என்று போனை மனைவியிடம் நீட்டிவிட்டார் கண்டக்டர்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்ட பிறகு, ஏன் விழுந்தார் என்று பார்க்க பிசியோதெரபிஸ்ட் பெண் அவரை வராந்தாவில் நடக்கச் சொன்னாள். கூடவே நடந்தபடி, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். கண்டக்டர் நின்றார். யோசித்துப் பதில் சொல்லிவிட்டு நடந்தார். அடுத்த கேள்விக்கும் அதே கதை.

"ஏன் சார் நின்னுட்டீங்க?"

"ஒருத்தர் கேட்டா நின்னு பதில் சொல்றதுதாம்மா மரியாதை."

அவள் சிரித்துவிட்டாள். "மரியாதை இல்ல சார். நடக்கறதுக்கே உங்க கவனம் மொத்தமும் போயிடுது. பேச்சு வந்தா காலுக்கு மிச்சமில்ல. அடியையும் சின்னதா, தேய்ச்சுத் தேய்ச்சு வைக்கறீங்க. இப்படி நடக்கறவங்க விழ வாய்ப்பு அதிகம்."

"சரிபண்ண முடியுமா?"

"முழுசா முடியுமான்னு தெரியாது. நல்லாவே குறைக்கலாம்."

"அது போதும். என்ன செய்யணும், சொல்லு."

அவள் சொல்லிக்கொடுத்தபடி வீட்டில் தினமும் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்தார், உட்கார்ந்தார். குதிகாலை முதலில் ஊன்றி, சுவரோரமாக நடந்தார். தொடை கடுத்தது, விடவில்லை. பேச்சோடு நடப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மனைவி என்ன கேட்டாலும் "ம்" கொட்டித் தப்பித்தார். சண்டை என்றால்தான் அவருக்கு வாய் திறக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? கைக்கெட்டும் தூரத்தில் கூடவே நடந்து வம்புக்கு இழுத்தாள்.

"என் தங்கச்சி கல்யாணத்துக்கு ஏன் லேட்டா வந்தீங்க?"

"லீவு கெடைக்கலன்னு எத்தனை தடவை சொல்றது!" கால் நின்றது.

"நிக்காதீங்க. நடந்துக்கிட்டே பொய் சொல்லுங்க."

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பக்கத்து வீட்டம்மா ஒருநாள் கதவைத் தட்டினாள். "இந்த வயசுல உங்களுக்குள்ள என்னக்கா தகராறு?"

"உள்ள வா. நீயும் அவரை ரெண்டு கேள்வி கேளு" என்றாள் மனைவி.

அடுத்த பரிசோதனையில் அடி நீண்டிருந்தது. பேசினாலும் கால் நிற்கவில்லை. ஆனால் திரும்பும்போது மட்டும் இன்னும் தள்ளாடினார். "வெளிய போறப்ப கைத்தடி வேணும் சார்" என்றாள் பிசியோதெரபிஸ்ட். கண்டக்டரின் முகம் சுண்டிவிட்டது. மறுநாள் காலை, "கிளம்பு, தடி வாங்கணும்" என்று அவரே செருப்பை மாட்டினார். கடையில் நாலைந்தை ஊன்றிப் பார்த்து, வழுக்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

அப்படியே இருவரும் சந்தைக்கு நடந்தார்கள். நடைபாதையில் ஒரு கல் தூக்கிக்கொண்டிருந்தது. கால் இடறியது. அவள் "ஐயோ" என்பதற்குள் மற்ற கால் எட்டிப்போய் அழுத்தமாக ஊன்றியது; தடியும் ஊன்றியது. நிமிர்ந்து நின்றார். அவருடைய சட்டை அவள் பிடியில் கசங்கியிருந்தது.

"வீட்டுக்கே போயிடலாமாங்க?"

"எதுக்கு? விழலையே. வா, நல்ல தக்காளியெல்லாம் பொறுக்கிட்டுப் போயிடுவாங்க."