அதுல்யாவுக்குக் கொடுத்த வாக்கு

எங்கள் பள்ளியில் கவுன்சிலிங் அறை என்பது விளையாட்டுச் சாமான் அறையில் பாதி. தலைமையாசிரியர் ராஜீவன் மாஷுக்கு நான் புத்திமதி சொல்லும் ஆள், அவ்வளவுதான். சேட்டை செய்யும் பிள்ளையைப் பிடித்து வந்து, "டீச்சர், இதுக்குக் கொஞ்சம் உபதேசம் பண்ணி அனுப்புங்க" என்பார்.

ஒன்பதாம் வகுப்பு அதுல்யா தானாகவே வந்தாள். அப்படி வருகிற பிள்ளை வருஷத்துக்கு ஒன்று இருந்தால் அதிகம். வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல டீச்சர்?"

'உனக்கு ஆபத்து என்றால் நான் சொல்லியே ஆக வேண்டும்' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பயிற்சியில் முதல் நாள் பாடமே அதுதான். சொன்னால் எழுந்து போய்விடுவாளோ என்று பயந்தேன்.

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றேன். பதினோரு வருஷ அனுபவம்! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சட்டைக்கையைச் சுருட்டிக் காட்டினாள். மூன்று இடத்தில் சூடு. ஒன்று இன்னும் ஆறவில்லை.

"அம்மாவுக்குச் சில நாள் தலைக்குள்ள சத்தம் கேக்கும். அப்பத்தான் இப்படி. மத்த நாள்ல பாவம், ஊட்டிகூட விடுவாங்க."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவர் சவூதியில, தம்மாம்ல இருக்கார். போன்ல என்னத்தச் சொல்ல?"

"வீட்டுல வேற யாரு?"

"தம்பி. ரெண்டு வயசு."

"அவனையுமா...?"

"விடுவேனா? நான் குறுக்க போயிடுவேன்ல."

பெருமையாகச் சொன்னாள். இவள் இங்கே உட்கார்ந்திருக்கும்போது அங்கே குறுக்கே போக யார் இருக்கிறார்கள்? அவள் வகுப்புக்குத் திரும்பியதும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு போன் செய்தேன்.

சாயங்காலத்துக்குள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிள்ளைகளை ஜீப்பில் அழைத்துப் போய்விட்டார்கள். மறுநாள் மாஷ், "ஊரான் வீட்டு விஷயத்துல தலையிட்டு ஸ்கூல் பேரைக் கெடுத்துட்டீங்களே" என்றார். தம்மாமிலிருந்து அப்பா திட்டிய திட்டை எழுத முடியாது. இரண்டையும் தாங்கிக்கொண்டேன். நான் செய்தது சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பழம்பொரி வாங்கிக்கொண்டு சிறுமியர் இல்லத்துக்குப் போனேன். அதுல்யா பொட்டலத்தைத் தொடவில்லை.

"அம்மா மருந்து சாப்பிடறாங்க. இப்ப நல்லாத் தூங்கறாங்களாம்" என்றேன்.

"தம்பி இங்க இல்ல டீச்சர். சின்னப் பிள்ளைங்களுக்கு வேற ஊர்ல வேற வீடாம்."

"அங்கயும் நல்லாப் பாத்துப்பாங்க மோளே."

"அவன் என் தோள்ல கிடந்து, என் காதைப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூங்குவான். எல்லாத்தையும் சொன்னீங்களே, இதைச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. எனக்கு அது தெரியவே தெரியாது. வயதைத் தவிர அவனைப் பற்றி அன்று நான் ஒன்றுமே கேட்கவில்லை. அவன் பெயரைக்கூட.