மறக்கத் தொடங்கிய செல்கள்

நிலானி நுண்ணோக்கியில் கண் வைத்தாள். நேற்றுவரை தேன்கூடுபோல் அறுகோணமாக ஒட்டி நின்ற கல்லீரல் செல்கள், இன்று காலை தட்டையாகி, விளிம்பு மங்கிக் கிடந்தன.

யாரோ ஒரு நோயாளி அறுவைசிகிச்சையின்போது மனமுவந்து கொடுத்த திசு அது. உடலைவிட்டு வந்த கல்லீரல் செல் ஆய்வுத் தட்டில் உயிரோடு இருந்தாலும், சில நாட்களில் தன் வேலையை மறந்துவிடும். அல்புமின் என்ற புரதத்தைச் சுரக்காது, மருந்தைச் சிதைக்காது. மறக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பினாங்கின் அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில் நிலானியின் வேலை. நாளை மறுநாள் பன்னிரண்டு தட்டுகளிலும் ஒரு புது மருந்தைச் சோதிக்க வேண்டும்.

உறைபெட்டியைத் திறந்தாள். நேற்று மீடியம் எனும் ஊட்டநீரில் கலந்திருக்க வேண்டிய ஹார்மோன் குப்பி தொடப்படாமல் இருந்தது. கலக்கப்போன நேரத்தில் அம்மாவின் அழைப்பு வந்தது. பேசிவிட்டுத் திரும்பியவள், கலந்தாயிற்று என்றே நினைத்துவிட்டாள்.

திசுவே நோஞ்சான் என்று எழுதினால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் வேலை மறந்த செல் விஷத்தைக் காட்டிக்கொடுக்காது. கல்லீரலைக் கெடுக்கும் மருந்துக்குக்கூட 'ஆபத்தில்லை' என்று அறிக்கை போய்விடும். நிலானி எழுந்து, தலைமை ஆய்வாளர் குமுதாவின் அறைக்குப் போனாள்.

"அக்கா, நேத்து மீடியம்ல ஹார்மோன் போட மறந்துட்டேன்."

குமுதா பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை பிளேட்?"

"பன்னெண்டும்."

"அப்புறம் ஏன் இங்க நிக்கிறே? போய் மீடியத்தை மாத்து லா. திட்டுறதெல்லாம் பிறகு."

மாற்றினாள். அன்று மாலை பேருந்தில் தன் நிறுத்தத்தைத் தாண்டிப்போய், ஆயர் ஈத்தாம் சந்தையில் இறங்கித் திரும்பி நடந்தாள். சோறு இறங்கவில்லை. மறுநாள் பார்த்தபோதும் செல்கள் தேறினவா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

சோதனை நாள் காலையில் அல்புமின் அளவு வந்தது. ஏழு தட்டுகள் மீண்டிருந்தன. ஐந்து மீளவில்லை.

"ஏழுல செய்யலாம்," என்றார் குமுதா. "அஞ்சை ஏன் கழிச்சோம்னு ரிப்போர்ட்ல எழுது. யாரு மறந்தாங்கன்னும் எழுது."

நிலானி தன் பெயரை எழுதினாள். பிறகு முதல் தட்டை எடுக்கக் கை வரவில்லை. குமுதா நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மருந்தைப் போடு. நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."