என் அறையில் தாடைகள்

என் அறைக் கதவைத் திறந்தேன். மேசை முழுக்கத் தாடைகள்.

மேல் தாடை, கீழ்த் தாடை, பல் இருந்தது, பல் போனது. எல்லாம் பிளாஸ்டரில் வார்த்தவை. நடுவில் வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் ஆள் உட்கார்ந்து கடைவாய்ப் பல் ஒன்றை ராவிக்கொண்டிருந்தார். ஆறு வருடம் உலகத்தைச் சுற்றிவிட்டு வந்தவன் நான். இப்படி ஒரு வரவேற்பை எங்கேயும் பார்த்ததில்லை.

"செருப்பை வெளியவே விட்டுடுங்க சார். தூசி வந்தா பல்லுல ஒட்டிக்கும்" என்றார்.

"இது என் ரூம்."

"அப்ப நீங்கதான் அந்த ஊர்சுத்தியா? அம்மா சொல்லியிருக்காங்க."

அம்மா பின்னாலேயே வந்தாள். "வந்துட்டியா. ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா? ரெண்டு பேருக்குத்தான் சமைச்சேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கிளம்பியபோது அம்மாவுக்கு முன்வரிசையில் பல்லே கிடையாது.

"தம்பி கட்டிக் குடுத்தது" என்று அந்த ஆளைக் காட்டினாள்.

விஷயம் இதுதான். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், இவர் பல் செட் செய்து அனுப்புவார். என் அறையை அவருக்கு வாடகைக்கு விட்டாகிவிட்டது. எனக்குக் கூடத்துச் சோபா. முழங்காலுக்குக் கீழே எல்லாம் அந்தரத்தில் தொங்கியது.

ஆறு வருடம் ஊரார் வீட்டுச் சோபாக்களில் படுத்தவனுக்கு ஒரே ஆசைதான். சொந்தக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும்.

"அவரைக் காலி பண்ணச் சொல்லும்மா."

"எதுக்கு? தம்பி நேரத்துக்குச் சாப்பிடுது. எங்க போனாலும் சொல்லிட்டுப் போகுது. உன்னை மாதிரியா?"

துரத்த முடியாது. சரி, ஆசை காட்டிக் கிளப்பலாம் என்று முடிவு செய்தேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது வேலையை ஆரம்பித்தேன். பனித் தீவு, பாலைவனத்து நட்சத்திரம், இரண்டு நாள் காட்டுக்குள்ளேயே ஓடும் ரயில். கொஞ்சம் நடந்தது, மீதி கைச்சரக்கு.

பல்லுக்காரர் பொறுமையாகக் கேட்டார். "அந்தக் காட்டுப் பக்கம் ஜனங்களுக்குப் பல்லு எப்படி சார்?"

"முத்து மாதிரி இருக்கும்."

"அப்ப அங்க எனக்கு என்ன வேலை" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் சுதாரித்துக்கொண்டேன். "பனித் தீவுல ஒருத்தருக்கும் பல்லே கிடையாது."

"அய்யோ பாவம்" என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

ஆள் அசையவில்லை. நானும் விடவில்லை, தினமும் புதுசு புதுசாக அவிழ்த்துவிட்டேன். அம்மா குறுக்கே பேசாமல் பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் கவனித்திருக்க வேண்டியது அவளை.

ஒரு மத்தியானம் வெயிலில் போய்விட்டு வந்தாள். கையில் சின்னக் கவர்.

"போட்டோவுக்குச் சிரிக்கக் கூடாதாமே. இவ்வளவு நல்ல பல்லை வெச்சுக்கிட்டு."

"என்ன போட்டோ?"

"பாஸ்போர்ட்டுக்கு. அந்தக் காட்டு ரயில்ல போகணும். அப்புறம் எங்கன்னு பார்த்துக்கலாம்."

"தனியாவா?"

"நீ யாரைக் கூட்டிட்டுப் போனே?"

பெற்றவள் தனியாக நாடு நாடாக அலையப் போகிறாளே என்று மனசு பதறியது. பதறிக்கொண்டே, அம்மாவின் அறை காலியாகும் என்பதையும் குறித்துக்கொண்டது.

கிளம்பும் நாள் காலை. வாசலில் டாக்சி. அவளுடைய பெட்டியை நான்தான் தூக்கி வைத்தேன்.

"அம்மா, உன் ரூம் சாவி?"

"தம்பிகிட்ட குடுத்தாச்சு."

"ஏன்?"

"அதையும் வாடகைக்கு விட்டுட்டேன். பின்னே, டிக்கெட்டுக்கு நான் யார்கிட்ட போய் நிக்கறது?"

"அப்ப நான் எங்க படுக்கறது?"

அம்மா என்னை ஒரு வினாடி ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஏர்போர்ட் பெஞ்சுலகூட அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேன்னு சாப்பிடறப்ப நீதானேடா சொன்னே. உனக்கென்ன கவலை?"

டாக்சி நகர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவரிடம் என்னவோ விசாரித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்தால், பல்லுக்காரர் தன் பல் சுடுகிற அடுப்பின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றார்.

"சார், இதை அம்மா ரூமுக்கு மாத்தணும். அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க. பார்த்து, கனம்."

பிடித்தேன்.